அலுவலக மின் ஆவணங்கள்: கடமையா, கேட்டால் செய்யும் உதவியா?

குழித்துறை வாசகன்:
நான் பார்வையற்றவன், திரையில் உள்ள எழுத்தை ஒலியாக வாசிக்கும் மென்பொருளான திரைவாசிப்பானை, அதில் என்விடிஏ என்னும் இலவச வகையைக் கொண்டே கணினியில் படிக்கிறேன். பட்டா பெயர் மாற்றம் குறித்து ஓர் அலுவலகத்துக்கு நான் அனுப்பிய மனுவுக்கு, 6 பக்கப் பிடிஎஃப் ஒன்று மின்னஞ்சலில் பதிலாக வந்தது. திறந்ததும் திரைவாசிப்பான் 'வெற்று ஆவணம்' என்றது. கணினியில் தட்டச்சு செய்ததையே அச்செடுத்து, கையொப்பமிட்டு, மறுபடியும் ஸ்கேன் செய்திருக்கிறார்கள்; ஆறும் படங்கள். பக்கத்து வீட்டுப் பையன் வந்து வாசித்த பிறகுதான், கூடுதல் ஆவணங்கள் கொடுக்க எனக்கு அளித்திருந்த 15 நாட்களில் 9 நாட்கள் போய்விட்டது தெரிந்தது. அலுவலகத்திலிருந்து வெளியே செல்லும் ஒவ்வொரு மின் ஆவணமும் வாசிக்கக்கூடிய எழுத்தாகவே இருக்க வேண்டும் என்பது கட்டாயமாக்கப்பட வேண்டும்.

தக்கலை முன்னாள் கண்காணிப்பாளர்:
தங்கள் சிரமம் புரிகிறது. ஆனாலும் கட்டாயத்தை நான் ஏற்கவில்லை. கையொப்பமும் முத்திரையும் இல்லாத தாளை எந்த வங்கி மேலாளரும் கையில் வாங்க மாட்டார். மேலும், 1956 நவம்பர் 1 வரை நம் குமரிப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்ததால், பழைய நிலப்பதிவேடுகள் பல மலையாளத்தில், அதுவும் கையெழுத்தில் இருக்கின்றன. பூச்சி அரித்த அந்த ஏடுகளை எழுத்தாக மாற்றித் தரும் இயந்திரம் எங்கே இருக்கிறது? கேட்பவருக்கு மட்டும் தனியே தட்டச்சு செய்து கொடுத்தால் போதாதா? அணுகல் வசதி பற்றிய 2017ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமை விதிகளின் 15(1)ஆம் விதியை உச்ச நீதிமன்றமே செல்லாது என்றுவிட்ட பின், எந்த விதியைக் காட்டிக் கட்டாயப்படுத்துவது?

குழித்துறை வாசகன்:
ஐயா, செல்லாது என்றது உண்மை, ஆனால் காரணம் நேர்மாறானது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று வந்த தீர்ப்பு, 15(1) வெறும் பரிந்துரை போல எழுதப்பட்டிருப்பதும், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ கட்டாயத்தை நோக்கமாகக் கொண்டிருப்பதும் முரண் என்று கண்டு, மூன்று மாதத்துக்குள் கட்டாய விதிகளை வகுக்கச் சொன்னது. அணுகல் வசதி முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியது, ஒருவர் கேட்ட பின் அவருக்கென்று செய்து கொடுப்பது வேறு என்றும் அது பிரித்துச் சொன்னது. கேட்டால் தருவோம் என்கிறீர்கள். கேட்க வேண்டிய ஒன்று வந்திருக்கிறது என்று தெரியவே எனக்கு 9 நாட்கள் ஆயின. கையொப்பத்துக்கு, மின் கையொப்பத்தை ஏற்கும் 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 5ஆம் பிரிவு இருக்கிறதே!

நாகர்கோவில் தட்டச்சர்:
இருவரும் எழுத்துருவை மறந்துவிட்டீர்கள். பாமினி என்னும் பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த 'தமிழ்' என்ற சொல் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். திரைவாசிப்பான் அதைத்தான் உளறும். தமிழ் எழுத்துகளுக்கே தனிக் குறியீடு தரும் ஒருங்குறிக்கு (யூனிகோட்) 2010இலேயே அரசாணை வந்தும், பழைய கோப்பைத் திறந்து தேதியை மட்டும் மாற்றும் பழக்கம் எங்களை விடவில்லை. நானே ஒரு குற்றம் செய்து வந்தேன்: கடிதத்தின் தலையில் அனுப்புநரை இடப்பக்கமும் பெறுநரை வலப்பக்கமும் வைத்து, நடுவே ஸ்பேஸ் பாரைத் தட்டி நிரப்புவேன். திரைவாசிப்பான் வரி வரியாகப் போவதால், அதிகாரியின் பதவியும் மனுதாரரின் வீட்டு எண்ணும் ஒரே மூச்சில் ஒலிக்கும். தலைப்பைத் தடித்த எழுத்தாக்கினால் போதாது, அது தலைப்பு என்று திரைவாசிப்பானுக்குத் தெரிய வேர்டில் அதற்குரிய தலைப்பு ஸ்டைலைக் கொடுக்க வேண்டும் என்பதும், பிரிண்ட் வழியாகப் பிடிஎஃப் எடுத்தால் அந்த அமைப்பு உதிர்ந்துபோகும், சேவ் ஆஸ் வழியாக எடுத்தால் தங்கும் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தன. இதற்குக் கூடுதலாக ஆகும் நேரம் ஒரு டீ குடிக்கும் நேரம்கூட இல்லை.

தக்கலை முன்னாள் கண்காணிப்பாளர்:
தீர்ப்பைப் பற்றிச் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த மீறலுக்கு 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம் சொல்கிறது. அது கடைசியில் யார் தலையில் விடியும்? பயிற்சியே தரப்படாத இளநிலை உதவியாளர் தலையில். பயிற்சிக்கு முன் கட்டாயம் என்பதை இப்போதும் எதிர்க்கிறேன். பழைய பதிவேடுகள் குறித்த என் கேள்விக்கும் பதில் வரவில்லை.

குழித்துறை வாசகன்:
பதிவேட்டில் நான் தங்கள் பக்கம். அது படமாகவே வரட்டும். கூடவே சர்வே எண், பரப்பு, பெயர், ஆண்டு நான்கையும் மேலே தட்டச்சு செய்து தரட்டும். இன்றைக்கு அடிக்கும் கடிதத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நாகர்கோவில் தட்டச்சர்:
மாதிரிக் கடிதம் ஒன்றை நாளை இங்கே இடுகிறேன். குழித்துறையார் ஓட்டிப் பார்க்கட்டும். கண்காணிப்பாளர் ஐயா, பெறுநரை அனுப்புநருக்குக் கீழே இறக்கினால் அலுவலக நடைமுறையில் தடை உண்டா?

தக்கலை முன்னாள் கண்காணிப்பாளர்:
தடை இல்லை. தாள்தான் நான்கு வரி கூடும்.