வெள்ளிக்கோளுக்கு 1,236 கோடி: நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது?

பாசிக்காரி மகள், சின்னப்பாலம்:

எல்லோருக்கும் வணக்கம். அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். நான் சாயங்காலத்தில் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். சூரியக் குடும்பம் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, வெள்ளிக்கு ராக்கெட் விடக் காசு இருக்கு. நாம ஏன் குடத்துக்குப் பத்து ரூபாய் கொடுத்துத் தண்ணி வாங்குறோம்?"

அவள் அம்மாவும் என் அம்மாவும் ஒரே வண்டிக்காரரிடம்தான் தண்ணீர் வாங்குகிறார்கள். எனக்கு உடனே பதில் வரவில்லை.

2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை வெள்ளிக்கோள் திட்டத்துக்கு 1,236 கோடி ரூபாயும் சந்திரயான்-4க்கு 2,104 கோடியும் ஒதுக்க ஒப்புதல் கொடுத்தது. கலாம் ஐயா பிறந்த தீவில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா என்று யாரும் கோபப்படாதீர்கள். புயல் வருவதைச் சொல்லும் செயற்கைக்கோள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிலா, செவ்வாய், வெள்ளி, இவற்றுக்கு மட்டும்தான் கேட்கிறேன். அந்தப் பிள்ளையிடம் நான் உண்மையாக என்ன சொல்லலாம்?

வடகடல், மண்டபம்:

வீண் என்று சொல்லும்மா. ஒக்கி வந்தது 2017-இல். மேலே இருந்து புயலைப் பார்த்தார்கள். ஆனால் ஆழ்கடலில் கிடந்த கன்னியாகுமரிக்காரர்கள் காதுக்கு அது போய்ச் சேரவில்லையே. எத்தனை வீட்டில் இன்னும் உடல்கூடக் கிடைக்கவில்லை. கரைக்கும் படகுக்கும் நடுவில் பேச வழி பண்ணிவிட்டு, அப்புறம் வெள்ளிக்குப் போகட்டும்.

பரமக்குடிப் பையன், கோயம்புத்தூர்:

அண்ணே, அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். நான் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவன். அந்தக் காசு விண்வெளியில் போய் விழுவதில்லை, நம்ம ஆட்களுக்குச் சம்பளமாகத்தான் வருகிறது. சந்திரயான்-2 இறங்கிப் பழக நிலா மண் மாதிரி மண் வேண்டியிருந்தது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் இருந்துதான் பாறை எடுத்துப் பொடித்தார்கள். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். இந்த ராக்கெட்டெல்லாம் இல்லாவிட்டால் உங்களுக்கு ஜிபிஎஸ் ஏது, மீன் கிடக்கும் இடம் ஏது?

வயர்லெஸ் கடை, ராமேஸ்வரம்:

துறைமுகத்துப் பக்கம் படகுகளுக்கு ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ் செட் ரிப்பேர் பார்க்கிறேன். தங்கச்சி கேட்டது நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் பரமக்குடித் தம்பியின் கடைசி வரியை எடுத்து ஒதுக்கி வைக்கிறேன். இப்போதும் என் மேசையில் ஒரு ஜிபிஎஸ் திறந்து கிடக்கிறது. உப்புக்காற்று உள்ளே புகுந்து, போர்டில் செம்புக் கோடெல்லாம் பச்சையாகப் பூத்திருக்கிறது. பிரஷ்ஷில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, விட்டுப்போன இடத்தில் மெல்லிய கம்பி வைத்துப் பற்றவைத்தால் பிழைத்துக்கொள்ளும். இந்தப் பெட்டி கேட்கிற சிக்னல் அமெரிக்க ராணுவம் தன் தேவைக்காக ஏற்படுத்தியது. மீன் கூடும் இடத்துக்கு, கடல்நீரின் பச்சையத்தை ஓஷன்சாட் செயற்கைக்கோள் பார்க்கிறது. அதோடு நீரின் வெப்பத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிலையம் கரைக்குச் சொல்லி அனுப்புகிறது. புயலைப் பார்ப்பது இன்சாட். இதில் எதுவும் நிலாவுக்குப் போனதால் கிடைத்தது இல்லை. ஓஷன்சாட்டைக் காட்டி வெள்ளிக்குக் காசு கேட்டால் அந்தப் பெண் நாளைக்கே கண்டுபிடித்துவிடுவாள். வெள்ளிக்குப் போக வெள்ளியில்தான் காரணம் இருக்க வேண்டும்.

இருக்கிறது என்றுதான் நான் நம்புகிறேன். வெள்ளி ஏறக்குறைய நம் பூமி அளவுள்ள கோள். ஆனால் அதன் தரையில் வெப்பம் 460 டிகிரிக்கு மேல், ஈயம் உருகிவிடும். காற்றில் 96 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. காற்றின் அழுத்தம் இங்கே இருப்பதைப்போல 90 மடங்கு. கூடப் பிறந்தது மாதிரி இருக்கிற ஒரு கோள் ஏன் அப்படி ஆனது என்பது வேலையற்றவர்கள் கேட்கிற கேள்வி இல்லை. 1988-இல் அமெரிக்க செனட் சபையில் போய், பூமி சூடாகிறது, காரணம் நாம் விடும் புகைதான் என்று சொன்ன ஜேம்ஸ் ஹான்சன், அதற்கு முன்னால் வெள்ளியின் மேகங்களைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். அங்கே பழகிய கணக்கை இங்கே கொண்டுவந்தார்.

அம்மாவிடம் கேட்டுப் பாரும்மா, தென்கடலில் பவளப்பார் வெளுத்துப் போன வருஷங்கள் அவருக்கு நினைவிருக்கும். 2010-இல் வெளுத்தது, 2016-இல் மறுபடி வெளுத்தது. தண்ணீர் சூடு தாங்காமல் பவளம் செத்தால் அதை நம்பியிருக்கிற மீன் போகும். மன்னார் வளைகுடா சூடாவதைப் பற்றிக் கவலைப்படுகிற நமக்கு, ஒரு கோள் முழுக்கச் சூடாகி முடிந்த கதை அக்கம்பக்கத்துச் செய்திதான்.

இனி காசு. 2024-25 பட்ஜெட்டில் விண்வெளித் துறை முழுவதற்கும் 13,000 கோடி சொச்சம். நாட்டின் மொத்தச் செலவு 48 லட்சம் கோடி. நூறு ரூபாய்க்கு 27 காசு. அந்த 27 காசில் இன்சாட், ஓஷன்சாட், ஸ்ரீஹரிகோட்டா, மகேந்திரகிரி எல்லாம் அடக்கம். கோள்களுக்குப் போவது அதிலும் சின்னப் பங்கு. வெள்ளித் திட்டத்தை ஆளுக்குப் பிரித்தால் ஒன்பது ரூபாய்கூட வராது, அதுவும் பல வருஷத்துக்குச் சேர்த்து.

ஆனால் தண்ணீருக்கு இது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். அதற்கு வருகிறேன். சந்திரயான்-3க்கு ஆன செலவு சுமார் 615 கோடி. நம் மாவட்டத்துக்குக் காவிரித் தண்ணீர் கொண்டுவந்த கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு ஆனதும் ஏறக்குறைய அதே தொகைதான், அறுநூறு கோடிக்கு மேல். 2009-இல் ஆரம்பித்தார்கள். திருச்சிப் பக்கம் ஆற்றில் எடுத்து, புதுக்கோட்டை, சிவகங்கை தாண்டி நமக்கு வரவேண்டும். பணம் கொடுத்தார்கள், குழாயும் போட்டார்கள். கடைசி ஊர்களில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. எத்தனையோ ஊரில் பெண்கள் இன்னும் மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மோந்து குடத்தை நிரப்புகிறார்கள். நிலா அந்தக் காசைத் தின்றுவிடவில்லை.

2019 செப்டம்பரில் சந்திரயான்-2 லேண்டர் நிலாவில் மோதி நொறுங்கியது. அதற்குப் பிறகு உட்கார்ந்து, எந்த நொடியில் எது தப்பாகப் போனது என்று பார்த்தார்கள். கால்களைப் பலப்படுத்தினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள். அரை கிலோமீட்டருக்கு அரை கிலோமீட்டர் என்றிருந்த இறங்கும் இடத்தை நான்கு கிலோமீட்டருக்கு 2.4 என்று அகலப்படுத்தினார்கள். சுற்றிக்கொண்டிருந்த பழைய ஆர்பிட்டர் எடுத்த படங்களை வைத்து இடம் பார்த்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கியது. என்ன கோளாறு, என்ன மாற்றினோம் என்று ஊரறியச் சொன்னார்கள். நம் குழாய்க்கு அப்படி யார் உட்கார்ந்தார்கள்? எந்த ஊரில் எத்தனை லிட்டர் குறைகிறது, எந்த வால்வில் நிற்கிறது என்று யார் நமக்குச் சொன்னார்கள்? எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். வெள்ளித் திட்டத்தை நாளைக்கே நிறுத்தினாலும் அந்த வால்வு தானாகத் திறக்காது.

மண்டபம் அண்ணன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆழ்கடலில் இருந்து குறுஞ்செய்தி அனுப்பவும் வாங்கவும் இஸ்ரோ ஒரு டிரான்ஸ்பாண்டர் செய்திருக்கிறது. நாடு முழுக்க ஒரு லட்சம் படகுக்கு இலவசமாக மாட்டும் திட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் படகில் மாட்டவில்லை என்றால் சங்கத்தில் கேளுங்கள். மாட்டி வேலை செய்யவில்லை என்றால் என்னிடம் கொண்டுவாருங்கள்.

பாசிக்காரி மகள், சின்னப்பாலம்:

ரொம்ப நன்றி அண்ணே. அந்த ஒன்பது ரூபாய்க் கணக்கை மட்டும் நான் பிள்ளைகளிடம் சொல்லப்போவதில்லை. எதையும் 140 கோடிப் பேருக்குப் பிரித்தால் சின்னதாகத்தான் தெரியும், எங்கள் தெருவில் அது கிட்டத்தட்ட ஒரு குடத் தண்ணீர். ஆனால் இரண்டு அறுநூறு கோடியையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதப்போகிறேன். அந்தப் பெண் அடுத்து என்ன கேட்பாள் என்றும் தெரியும்: "எங்க தெருவுக்கு எவ்வளவு வரணும்?" அது எங்கே கிடைக்கும்?

வடகடல், மண்டபம்:

வெள்ளி விஷயத்தில் எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை தம்பி. ஒக்கியில் போனவர்களை நினைத்தால் ஒப்பவும் செய்யாது. டிரான்ஸ்பாண்டர் மாட்டியிருக்கிறார்கள், விளக்கு எரிகிறது, செய்தி போகமாட்டேன் என்கிறது. ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

வயர்லெஸ் கடை, ராமேஸ்வரம்:

வாங்கண்ணே, ஒயரோடு கழற்றிக்கொண்டு வாங்க. பாதிக் கோளாறு ஒயரில்தான் இருக்கும்.

தங்கச்சி, தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிப் போடும்மா. வெள்ளைத்தாள் போதும், மேலே பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டு. குடிநீர் வடிகால் வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலர் என்று முகவரி எழுது. "எங்கள் ஊருக்கு ஒரு நாளைக்கு ஒதுக்கிய அளவு எத்தனை லிட்டர், கடந்த ஆறு மாதத்தில் தினமும் வந்தது எத்தனை லிட்டர்" என்று இரண்டே கேள்வி கேள். ஏன் என்று கேட்காதே, ஏன் என்பதற்குப் பதில் தராமல் தட்டிக்கழித்துவிடுவார்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வை. மனுவைப் பிள்ளைகள் கையாலேயே எழுதவிடு, கையெழுத்து மட்டும் நீ போடு.