கதவை மூடிக் கூடுபவர்களுக்கு எதற்கு இத்தனை பெரிய கோபுரம்?

கேள்வி (கட்டடக்கலை மாணவி, கொழும்பு):
மேசன்கள் (பிறீமேசன்ஸ் எனும் சகோதரத்துவ அமைப்பினர்) கூடும், எங்கள் நகரிலுள்ள விக்டோரியா மேசனிக் டெம்பிளைக் கடக்கும்போதெல்லாம் ‘டெம்பிள்’ என்ற சொல் என்னை உறுத்தும். அதன் காரணத்தைத் தேடப்போய், இங்கிலாந்து மேசன்களின் தலைமையகமான இலண்டன் பிறீமேசன்ஸ் ஹாலின் வரைபடத்தில் சிக்கிக்கொண்டேன். தெருமுனையில் ஏறத்தாழ 200 அடிக் கோபுரம் நிற்கிறது. பெருமண்டபமோ எந்த வீதிக்கும் நேராக இல்லை. மூடிய கதவுக்குள் கூடுபவர்களுக்கு இவ்வளவு எடுப்பான முகப்பு எதற்கு? உள்ளே வழிபாடு நடக்கிறதா?

பதில் 1 (ஓய்வுபெற்ற கட்டடக்கலைஞர், வெள்ளவத்தை):
மகளே, அதை முதலில் நினைவுச்சின்னமாகப் பாருங்கள். முதலாம் உலகப் போரில் உயிரிழந்த 3,225 மேசன்களின் நினைவாக, ஆஷ்லி, நியூமன் ஆகிய இருவரின் வடிவமைப்பில் 1927 முதல் 1933 வரை எழுப்பப்பட்ட அக்கட்டடத்துக்கு ‘மேசனிக் சமாதான நினைவகம்’ என்றே பெயர் இருந்தது. 1939இல் மறுபடியும் போர் மூண்டபோதுதான் இன்றைய பெயர் வந்தது. சமாதானம் என்ற சொல்லைச் சுமக்க அப்போது மனம் கூசியிருக்கும் என்பது என் ஊகம். ஊரறிய நிற்க வேண்டிய நினைவுச்சின்னம் என்பதால் கோபுரம் தெருமுனைக்கு வந்தது. நிலம் ஒழுங்கற்ற பல்கோணம். ஆகவே கோபுர வாசலிலிருந்து முன்மண்டபங்கள் வழியாகப் பெருமண்டபம் வரை மூலைவிட்டமாக ஒரே அச்சை இழுத்து, வீதியோரம் எஞ்சிய இடங்களில் சிறிய கூட்ட அறைகளையும் அலுவலகங்களையும் அமைத்தார்கள். இராஜகோபுரத்திலிருந்து கருவறை வரை நேர்கோட்டில் நடந்து பழகிய நமக்கு இந்த ஒழுங்கு புதிதல்ல.

பதில் 2 (வரலாற்று ஆசிரியர், கொட்டாஞ்சேனை):
அது வழிபாட்டுத் தலம் அன்று. ஜெருசலேமில் சாலமோன் மன்னர் கட்டிய ஆலயத்தின் கதையைச் சுற்றியே இவர்களுடைய சடங்குகள் அமைந்துள்ளதால், சடங்கு நடக்கும் அறைக்கு ‘டெம்பிள்’ என்று பெயர். தலைவரின் ஆசனம் கிழக்கில் இருக்கும். தரையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் இருக்கும். பெருமண்டபத்தின் வெண்கலக் கதவுகளில், ஒவ்வொன்றும் ஒரு தொன்னுக்கு மேல் எடை, அந்த ஆலயம் கட்டப்பட்ட காட்சிகளே புடைப்புச் சிற்பங்களாக உள்ளன. உள்ளே சுமார் 1,700 பேர் அமரலாம்.

பதில் 3 (வரைஞர், தெகிவளை):
இதை ‘ஆர்ட் டெகோ’ (1920, 30களில் பரவிய அலங்காரப் பாணி) என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அலங்காரத்தில் அது உண்டு. ஆனால் உருக்குச் சட்டகத்தின்மீது போர்ட்லண்ட் கல்லை (இங்கிலாந்தின் வெளிர்நிறச் சுண்ணக்கல்) போர்த்தி நிறுத்திய தூண்களும் கோபுரமும் பழைய கிரேக்க, உரோமச் செவ்வியல் மரபைச் சேர்ந்தவை. 1930களின் புதுமையை அந்த முகப்பில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். கல்லுக்குள் மறைந்த உருக்குச் சட்டகம் தெரியும் குறுக்குவெட்டு வரைபடத்தில் தேடுங்கள்.