புதுப்பிப்பு: மோட்டார்ஹோம் சிங்க்கில் நீர் இறங்காத சிக்கலின் காரணம்

எங்கள் மோட்டார்ஹோமின் (தங்கிச் சமைக்க வசதியுள்ள வீட்டு வண்டி) சமையல் சிங்க்கில் நீர் மெல்ல இறங்குவதையும், அப்போது குளியலறை வடிகாலில் 'களக் களக்' என்று சத்தம் எழுவதையும், அங்கே நாற்றம் வருவதையும், கழிவுநீர்த் தொட்டி காலியாக இருக்கும்போதும் இப்படி நிகழ்வதையும் சென்ற மாதம் எழுதியிருந்தேன். அடைப்பாகத்தான் இருக்கும் என்றீர்கள். நானும் நம்பி, கம்பிச் சுருளால் குடைந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கினேன்.

சிக்கல் அடைப்பில் இல்லை, காற்றில் இருந்தது. சிங்க்கிற்கு அடியில், குழாயின் தலையில், கறுப்பு மூடி போல ஒரு காற்று வால்வு இருக்கிறது. நீர் இறங்கும்போது திறந்து காற்றை உள்ளே விடுவதும், மற்ற நேரத்தில் மூடிக்கொண்டு நாற்றத்தைத் தடுப்பதும் அதன் வேலை. எங்களுடையதில் ரப்பர் வட்டு பிசுக்கேறி ஒட்டிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் குழாய் குளியலறை வடிகால் வழியாகக் காற்றை இழுக்க, அங்கே வளைகுழாயில் தேங்கி நின்று நாற்றத்தைத் தடுக்க வேண்டிய நீரும் உறிஞ்சப்பட்டது. நான் புலம்பிய நாற்றம் அதனால் வந்ததுதான்.

வால்வைக் கழற்றிவிட்டு, நிரப்பி வைத்த சிங்க்கைத் திறந்தபோது நீர் சுழித்துக்கொண்டு ஒரே மூச்சில் இறங்கியது. புதிய ஒன்றரை அங்குல வால்வை ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே முறுக்கினேன். குளியலறை வடிகாலில் ஒரு குவளை நீர் ஊற்றியதும் நாற்றமும் நின்றது.