செஞ்சிக் கோட்டை: ஏறிய சிங்கப்பூர்வாசிகள் சொல்லுங்கள்

உட்லண்ட்ஸ்:
டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள், நம் புக்கிட் தீமா குன்று ஏறிய தைரியத்தில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிக் குன்றைக் குறைத்து எடைபோடாதீர்கள். புக்கிட் தீமா 163 மீட்டர், வழியெல்லாம் நிழல். ராஜகிரி சமவெளியிலிருந்து 800 அடி, அதாவது சுமார் 240 மீட்டர். மேலே போகப் போக மொட்டைப் பாறை. ஆயிரத்துக்கும் மேல் படி, ஒன்று குட்டை, ஒன்று முழங்கால் உயரம். மூச்சு வாங்குவது இந்த ஒழுங்கில்லாத படிகளால்தான். விடிந்ததும் ஏறத் தொடங்குங்கள். பத்து மணிக்கு மேல் பாறை தோசைக்கல். பிற்பகலில் தாமதமாகப் போனால் ஏற விடமாட்டார்கள். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், அதுவும் முதுகுப்பைக்குள். கையில் பை தொங்கினால் குரங்குக்குத்தான்.

செங்காங்:
உட்லண்ட்ஸ் அண்ணே, ராஜகிரி மட்டும் கோட்டை இல்லையே! ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். மதில் மூன்றையும் முக்கோணமாக இணைக்கிறது. முகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690இல் முற்றுகை போட்டு 1698இல்தான் பிடித்தார். மதிலின் சுற்றளவு சுமார் 13 கிலோமீட்டர். அவ்வளவையும் ஓட்டையில்லாமல் அடைக்க எத்தனை படை வேண்டும்? உள்ளே இருந்த மராட்டிய மன்னர் ராஜாராம் தப்பியே போய்விட்டார்.

ராஜகிரி உச்சிக்குச் சற்றுமுன் ஒரு பாறைப் பிளவு வரும். அகலம் சுமார் 24 அடி, ஆழம் 60 அடி. அதன்மேல் பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் ஏறி வந்த படை அங்கேயே நிற்க வேண்டியதுதான். எதிர்ப்பக்கம் பத்துப் பேர் போதும். பலர் அங்கே செல்ஃபி எடுத்துவிட்டு நடந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் கோட்டையின் மூளையே அந்த இடம்தான்.

வாசல்களையும் பாருங்கள். நம் ஃபோர்ட் கேனிங்கில் மிஞ்சியிருக்கும் வாசலில் நேராக நுழையலாம். செஞ்சியின் உள்வாசல்களில் வழி சட்டென்று திரும்பும். யானையோ, கதவை இடிக்கும் முட்டுமரமோ ஓடிவந்து மோத இடம் கிடைக்காது.

ஈசூன்:
"தேசிங்கு ராஜா கட்டியது" என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள், பாவம். தேசிங்கு ஓராண்டுகூட ஆளவில்லை. 1714இல் ஆற்காட்டு நவாப் படையோடு மோதி இறந்தார். கோட்டைக்கு வித்திட்டவர்கள் கோனார் குல அரசர்கள். இன்று நாம் பார்க்கும் கட்டடங்களில் பெரும்பகுதி நாயக்கர் காலத்தவை. 1677இல் சிவாஜி பிடித்தபின் மதில்கள் வலுப்பெற்றன. 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததும் மராட்டியப் படைத்தளங்கள் பன்னிரண்டில் ஒன்றாகத்தான்.

ஏற முடியாத பெரியவர்களுக்குக் கீழேயே நிறைய இருக்கிறது. கல்யாண மகால், தளத்துக்கு ஓர் அறையாக உயர்ந்து கூம்பிய கூரையில் முடிகிற கோபுரம். பக்கத்தில் தானியக் களஞ்சியம், யானைக்குளம். வெங்கடரமணர் கோயிலில் சில இடங்கள் வெறிச்சென்று கிடக்கும்; தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை செஞ்சித் தூண்கள்தான்.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை சாலையில் வந்தால், செஞ்சி ஊரைத் தாண்டியதும் சாலையே கோட்டைக்குள் புகுந்து போகும். வலப்பக்கம் கிருஷ்ணகிரி, இடப்பக்கம் ராஜகிரி. முட்டிவலிக்காரர்கள் கிருஷ்ணகிரியோடு நிறுத்திக்கொள்ளலாம்.