ஃபேதோவின் ஃபார்ஸ்: முதல் அங்கத்தை வெட்டலாமா?

திரைச்சீலை:
ஓஹாயோவில் ஒரு சின்ன ஊரின் கம்யூனிட்டி தியேட்டரில் வரும் வசந்த காலத்துக்கு பிரெஞ்சு நாடகாசிரியர் ஜார்ஜ் ஃபேதோவின் 'எ ஃப்ளீ இன் ஹெர் இயர்' போடுகிறோம். ஃபார்ஸ் வகை, அதாவது குழப்பமும் ஓட்டமுமாகப் போகும் சிரிப்பு நாடகம். முதல் முறையாக உதவி இயக்குநராக இருக்கிறேன். கையில் இரண்டு ஆங்கிலப் பிரதிகள். ஒன்று, ஜான் மார்டிமர் 1966இல் லண்டன் நேஷனல் தியேட்டருக்குச் செய்தது. இன்னொன்று, அமெரிக்கரான டேவிட் ஐவ்ஸ் 2006இல் சிகாகோ ஷேக்ஸ்பியர் தியேட்டருக்குச் செய்தது.

முதல் வாசிப்பில் முதல் அங்கம் முழுக்க ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அதைப் பாதியாக வெட்டி, கதையை இன்றைய நியூயார்க்குக்கு மாற்றிவிடலாம் என்கிறார் கமிட்டியில் ஒருவர். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கதவோரம்:
பதினேழு வருடமாக ஸ்டேஜ் மேனேஜர் வேலை பார்க்கிறேன். அதில் ஆறு ஃபார்ஸ். தயவுசெய்து வெட்டாதீர்கள்.

முதல் அங்கத்தில் சிரிப்பு கம்மியாகத்தான் இருக்கும். அங்கே ஃபேதோ சாவி கொடுத்துக்கொண்டிருக்கிறார். கணவனின் சஸ்பென்டர், அதாவது கால்சட்டையைத் தோளோடு பிடிக்கும் பட்டை, ஒரு மாதிரியான ஓட்டலிலிருந்து தபாலில் திரும்பி வருகிறது, மனைவி ரேமோந்துக்குச் சந்தேகம். கணவனைச் சோதிக்கத் தோழி லூசியானை விட்டு ஒரு காதல் கடிதம் எழுத வைக்கிறாள். கணவன் அந்தக் கடிதத்தை லூசியானின் புருஷனிடமே காட்டுகிறான். மனைவியின் கையெழுத்து அந்த ஸ்பானியருக்குத் தெரியாதா? துப்பாக்கியோடு கிளம்பிவிடுகிறார். இதில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும், இரண்டாம் அங்கத்தில் ஓட்டலுக்குள் ஓடி வருகிறவர் ஏன் வருகிறார் என்று யாருக்கும் புரியாது.

எங்களுக்கே இது நடந்தது. காமீய் என்ற பாத்திரத்துக்கு அண்ணத்தில் குறை, மெய்யெழுத்தே வராது. அவன் பேசுவதெல்லாம் வெறும் உயிரெழுத்து. முதல் அங்கத்தில் டாக்டர் அவனுக்கு வெள்ளியில் ஒரு அண்ணம் கொடுக்கிறார். நேரம் மிச்சம் பிடிக்க அந்த இடத்தில் நாலு வரியை எடுத்துவிட்டோம். ஓட்டல் காட்சியில் அவன் கணீரென்று பேசியதும், நடிகர்தான் தன் பாத்திரத்தை மறந்துவிட்டார் என்று முன்வரிசையில் கிசுகிசுத்தார்கள். பாவம், அந்தப் பையன் மேடைக்குப் பின்னால் வந்து அழுதுவிட்டான். தப்பு அவனுடையது இல்லை, எங்களுடையது.

சட்டப்படியும் சிக்கல் உண்டு. ஃபேதோ 1921இல் இறந்தவர், அவருடைய பிரெஞ்சு மூலத்துக்கு இப்போது காப்புரிமை இல்லை. ஆங்கில வடிவங்கள் அப்படி இல்லை. உரிமை பெற்ற பிரதியில் அனுமதி இல்லாமல் ஒரு வரியைக்கூட மாற்றக் கூடாது.

நியூயார்க் விஷயம். இடம் மாற்றுவதே தப்பு என்று சொல்ல மாட்டேன். 1965 டிசம்பரில் ஏப் பரோஸ், பாரிலே - கிரெதி இரட்டையரின் பாரிஸ் நாடகத்தை நியூயார்க் பல் டாக்டரின் கதையாக்கி 'காக்டஸ் ஃப்ளவர்' என்று நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் போட்டார். 1,234 காட்சிகள் ஓடியது. பாரிஸிலேயே நடக்கும் 'போயிங் போயிங்', லண்டனில் சக்கைப்போடு போட்ட நாடகம், அதே வருடம் பிப்ரவரியில் பிராட்வேக்கு வந்து 23 காட்சிகளோடு மூட்டை கட்டியது. ஆனால் பல் டாக்டர் கதைக்கு வேண்டியது ஒரே ஒரு பொய், ஒரு நர்ஸ். அதை எந்த ஊரிலும் வைக்கலாம். உங்கள் நாடகம் 1907ஆம் வருடத்தையே நம்பி நிற்கிறது. கையால் எழுதிய கடிதம், வீட்டு வேலைக்காரர்கள், கௌரவம் போய்விடுமே என்ற நடுக்கம் எல்லாம் வேண்டும். ஆளுக்கு ஒரு செல்போனைக் கொடுத்தால் ஐந்தாவது நிமிடத்தில் கதை முடிந்துவிடும்.

நடுவரிசை:
அந்த 'போயிங் போயிங்' மறுபடி வந்ததையும் சொல்ல வேண்டும். 2008இல் லாங்ஏக்கர் தியேட்டரில் பார்த்தேன். மேத்யூ வார்கஸ் இயக்கம். மூன்று விமானப் பணிப்பெண்களுக்கும் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று ஆளுக்கொரு நிறம். யார் எந்தக் கதவுக்குள் போனார் என்பது மனதில் அப்படியே பதிந்துவிடும். விஸ்கான்சினிலிருந்து வரும் அப்பாவி நண்பனாக மார்க் ரைலன்ஸ். அந்த வருட டோனி, பிராட்வேயின் பெரிய விருது, அவருக்குத்தான், சிறந்த மறுதயாரிப்பு விருதும் அந்த நாடகத்துக்கே. எல்லாரும் பறக்கும்போது அவர் மட்டும் மெதுவாக யோசிப்பார். அந்த யோசனை முகத்தில் ஓடுவதைப் பார்த்தே அரங்கம் சிரித்தது. வேகம் வேகம் என்று நடிகர்களைப் போட்டு விரட்டாதீர்கள்.

திரைச்சீலை:
மிக்க நன்றி. கமிட்டியிடம் அக்கா சொன்னதை அப்படியே படித்துக் காட்டப்போகிறேன். சரி, இரண்டு பிரதியில் எது?

கதவோரம்:
என் ஓட்டு ஐவ்ஸுக்கு. மார்டிமர் மட்டம் என்பதால் இல்லை, நம் பார்வையாளர்களின் காதுக்காக. அந்த சஸ்பென்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் அதற்கு பிரேசஸ் என்று பெயர். ஓஹாயோவில் பிரேசஸ் என்றால் பல்லில் போடும் கம்பி. கதை தொடங்குகிற பொருளே புரியாமல் போனால் எப்படி?

அப்புறம், இரண்டு பிரதியிலும் நீங்களே சரிக்கட்ட வேண்டிய ஒன்று இருக்கிறது. பிரெஞ்சில் 'வூ' என்று மரியாதையாகப் பேசுகிறவர் சட்டென்று 'து' போட்டால் பக்கத்தில் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். நமக்குச் சொல்லித்தர வேண்டுமா? 'நீங்கள்' 'நீ' ஆகும்போது என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே 'யூ'. அதனால் நடிகர்களிடம் உடம்பால் காட்டச் சொல்லுங்கள்: ஒரு அடி கிட்டே வருவது, தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்துவிடுவது. ஒத்திகையில் ஒருமுறை இதை விளக்கினேன். அதுவரை தட்டையாக இருந்த ஒரு காட்சி அன்றைக்கே உயிர் பெற்றது.

ஒத்திகை அட்டவணையை அங்கம் அங்கமாகப் போடாமல் பிரெஞ்சு சீன் கணக்கில் போடுங்கள், ஒருவர் உள்ளே வந்தாலோ வெளியே போனாலோ அது புதிய சீன். கதவுகளை முதல் வாரமே நிஜமாக மாட்டச் சொல்லுங்கள். தரையில் டேப் ஒட்டிப் பழகியவர்கள் கைப்பிடியைத் தேடித் தடுமாறுவார்கள். கதவு மேடைக்கு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். நிலைக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து மணல் மூட்டை வையுங்கள், இல்லையென்றால் கதவை அறைந்து சாத்தும்போதெல்லாம் சுவர் ஆடும். ஓட்டல் அறையில் சுழலும் கட்டில் வேறு இருக்கிறது. அதை யார் செய்கிறார்கள், மோட்டாரா கையால் தள்ளுவதா என்று எழுதுங்கள், அதற்கு ஏற்றபடி சொல்கிறேன்.