புதுப்பிப்பு: சிவப்புக்கால் ஆமைக்கு யுவிபி விளக்கு மாற்றியாச்சு

சுருள் பல்பின் கீழே வந்தாலே என் ஆமை கண்ணை மூடிக்கொள்கிறது, வேறு எந்த யுவிபி விளக்கு (ஆமையின் உடலில் வைட்டமின் டி உருவாக உதவும் புற ஊதா-பி ஒளியைத் தருவது) வாங்கலாம் என்று மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தேன். யுவிபி அளவு 12 சதவீதம் உள்ள குழல் என்று சிலரும், 6 சதவீதம் போதும் என்று சிலரும் சொன்னீர்கள். கண்ணில் தொற்று இல்லை என்பதை முதலில் மருத்துவரிடம் உறுதி செய்துகொண்டேன்.

கடைசியில் 6 சதவீத டி5 (மெல்லிய வகை) நீளக் குழல்தான் வாங்கினேன். மர நிழலில் வாழும் இனத்துக்குப் பாலைவன வெயில் தேவையில்லை என்ற வாதம் சரியாகப் பட்டது.

ஆனால் சதவீதத்தை விட, தூரமும் இடையில் இருக்கும் வலையும்தான் முக்கியம். நண்பரிடம் யுவி குறியீட்டு மீட்டரை (புற ஊதா ஒளியின் வலிமையை அளக்கும் கருவி) இரவல் வாங்கி, ஆமை ஓட்டின் உயரத்தில் வைத்துப் பார்த்தேன். கம்பி வலைக்கு மேலே குழல் இருந்தபோது 1.1தான். வலைக்கு உள்ளே, ஓட்டிலிருந்து அதே 45 செ.மீ. தூரத்தில் மாட்டியதும் 1.7! வலை இவ்வளவு விழுங்கும் என்று நான் நினைக்கவே இல்லை. கண்ணாடி என்றால் யுவிபி கிட்டத்தட்ட முழுதாகவே நின்றுவிடும்.

குழல் பாதிக் கூண்டுக்கு மேல்தான். மறுபாதியில் அடர்ந்த செடிகளும் ஈரப் பாசியும். பாதரச ஆவி விளக்கு வேண்டாம் என்று விட்டேன், அந்தச் சூட்டில் ஓடு காய்ந்துவிடும்.

இப்போது காலையில் தானாகவே வெளிச்சத்துக்கு வந்து, கண்ணை நன்றாகத் திறந்தபடி கால் நீட்டிப் படுக்கிறது. அதைப் பார்க்க அவ்வளவு நிம்மதியாக இருக்கிறது. அப்புறம், குழல் எரிந்துகொண்டிருந்தாலும் யுவிபி குறைந்துகொண்டே போகும் என்பதால் மாட்டிய தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்.