டாட்டூ அழிக்கப் போன இடத்தில் மறக்கவே முடியாத நிமிடம் எது?

நிலாமுற்றம்
மணிக்கட்டில் ஒரு பெயர். யாருடையது என்று கேட்காதீர்கள். லேசரின் முதல் சிட்டிங். கண்ணுக்குக் கவசம், பட் பட்டென்று சத்தம், முடி கருகும் வாடை. சத்தம் நின்றதும் பார்த்தால் எழுத்தெல்லாம் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை! போயே போய்விட்டது என்று ஒரே சந்தோஷம். களிம்பு தடவிய பெண் எதுவும் சொல்லவில்லை. கட்டுப் போட ஆள் வருவதற்குள் வெள்ளை மங்கி, அதே பெயர் ஒவ்வொரு எழுத்தாகத் திரும்பி வந்து உட்கார்ந்தது. இதை முன்னாடியே ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

பழையசைக்கிள்
அது வெறும் வாயுக் குமிழிங்க. சூட்டில் தோலுக்குள் உண்டாகும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். லேசர் மையைப் பொடியாக உடைக்க மட்டும்தான் செய்யும். அள்ளிக்கொண்டு போவது உங்கள் உடம்பின் வெள்ளையணுக்கள். சிட்டிங்குகளுக்கு நடுவே 6 முதல் 8 வாரம் விடச் சொல்வது அதனால்தான்.

என் கதை சின்னது. தோளில் இலை. கறுப்புக் கோடெல்லாம் போனது, உள்ளே இருந்த பச்சை மட்டும் அசையவில்லை. "எங்கே அடிபட்டது?" என்று பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள். ஒவ்வொரு மை நிறத்துக்கும் வேறு வேறு அலைநீள லேசர் வேண்டும். அங்கே இருந்தது 1064 நானோமீட்டர் யாக் லேசர், கறுப்புக்கு அருமையானது. பச்சைக்கு 755 அலெக்சாண்டிரைட் அல்லது 694 ரூபி வேண்டும். சிவப்புக்கு 532 அடிப்பார்கள். தோல் கறுப்பாக இருந்தால் அதில் ஜாக்கிரதை, தோலின் சொந்த நிறமும் சேர்ந்து போய் வெளுத்த திட்டு விழலாம். ஆகவே போனதும் முதலில் எந்த மெஷின் என்று கேளுங்கள். வெயில் படாமல் மூடி வையுங்கள். பொருக்கைப் பிய்க்காதீர்கள். சிகரெட்டை விடுங்கள், பிடிப்பவர்களுக்கு மை மெதுவாகத்தான் போகுமாம்.

நிலாமுற்றம்
நான் சிகரெட் பிடிப்பேன் என்று எங்கே சொன்னேன்?

மாலைவெயில்
கறுப்பு மை என்றால் கொடுத்து வைத்தவர்கள். எனக்குப் புருவம், பழுப்பு மை. முழுசாக அடிக்காமல் ஓரமாக ஒரே ஒரு புள்ளி அடித்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். அடித்தார். குனிந்து பார்த்துவிட்டு "ம்..." என்றார். அந்த "ம்" இன்னும் காதில் இருக்கிறது. பழுப்புப் புள்ளி கரியாகிவிட்டது. அழகுக்காகப் போடும் மைகளில் இரும்பு ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு எல்லாம் இருக்கும், லேசர் பட்டால் சில சமயம் இப்படிக் கறுக்கும் என்று அப்புறம் விளக்கினார். வெள்ளை, தோல் நிற மைக்கும் இதே ஆபத்து உண்டு. புள்ளியோடு நிறுத்தினாரே, அந்த வரைக்கும் புண்ணியம்.

ஒற்றைத்தையல்
சைக்கிள் அண்ணா, எல்லாவற்றுக்கும் மெஷின் நம்பர் சொன்னால் போதாது. என் சிவப்புப் பூ தடித்து அரித்துக்கொண்டே இருந்தது, மை ஒவ்வாமை. லேசர் வேண்டவே வேண்டாம், மை உடைந்து பரவினால் ஒவ்வாமை உடம்பு முழுக்கக் கிளம்பலாம் என்று வெட்டியே எடுத்தார்கள். சின்ன டாட்டூவாக இருந்ததால் சரி, பெரிதுக்கு இது ஆகாது. எடுத்ததைக் காட்டச் சொன்னேன். தட்டில் தோலோடு சுருங்கி, பாதியாகிக் கிடந்தது பூ. இப்போது அங்கே ஒரு கோடு தழும்பு, அரிப்பு இல்லை.

கடைசிபெஞ்ச்
கிரீம் பற்றி யாருமே பேசவில்லையே? ஆன்லைனில் வாங்கிப் பூசினேன், ஆசிட் வகை. மேல்தோல் உரிந்து வந்தது. கீழே டாட்டூ முன்னைவிடப் பளிச்சென்று சிரித்தது! மை இருப்பது மேல்தோலுக்கு அடியில், அங்கே கிரீம் போகவேண்டுமானால் தோலே வேக வேண்டும். உப்புப் போட்டுத் தேய்ப்பதும் அந்தக் கதைதான், மிஞ்சுவது தழும்பு.

நிலாமுற்றம் அக்கா, முழுசாக அழிக்காவிட்டால் என்ன? பாதி மங்கியதும் அதன் மேலேயே வேறொன்று குத்தி மறைக்கலாம். சிட்டிங்கும் குறையும்.

நிலாமுற்றம்
மேலே இன்னொன்றா? ஆளை விடுப்பா.